நவம்பரில் கோத்தகிரியிலிருந்து கோவைக்கு நேர்முகத் தேர்வு: எதை உடுத்திச் செல்வது?

கேள்வி (கோத்தகிரி, பி.காம். பட்டதாரி):
அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில், கணக்குப் பிரிவு வேலைக்காக, காலை பத்து மணிக்கு என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். விடியுமுன் ஸ்வெட்டரும் மப்ளரும் இல்லாமல் வாசலில் இறங்க முடியாத குளிர்; மேட்டுப்பாளையத்தில் பேருந்து மாறும்போதோ வியர்க்கத் தொடங்கிவிடுகிறது. அம்மா பட்டுச்சேலை கட்டச் சொல்கிறார். தோழி பேண்ட், சட்டைதான் ஏற்றது என்கிறாள். எனக்குப் பழகியது சுடிதார் மட்டுமே. மழையில் துணியும் காய்வதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (குன்னூர், இப்போது கோவையில்):
தங்கைக்கு வணக்கம். இங்கே ஒரு நிறுவனத்தின் பணியாளர் தேர்வுக் குழுவில் பல ஆண்டுகளாக அமர்ந்து வருகிறேன். எதிரே இருப்பவர் சேலை கட்டியிருக்கிறாரா, சுடிதார் அணிந்திருக்கிறாரா என்று நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் இடையே உடையை இழுத்து இழுத்துச் சரிசெய்பவருக்குத் தெரிந்த பதிலும் தடுமாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பழகிய சுடிதாரையே அணியுங்கள், துப்பட்டாவை மட்டும் இரு தோளிலும் ஊசி குத்திவிடுங்கள்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலும் கோவை 400 மீட்டர் அளவிலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறு டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் கூடும் என்பது பொதுக் கணக்கு என்பதால், வானிலை ஒன்றாகவே இருந்தாலும் ஒன்பது டிகிரி வேறுபாட்டை உங்கள் உடை தாங்க வேண்டும். தனிப் பருத்தி பேருந்திலேயே கசங்கிவிடும், தனி பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது; இரண்டும் கலந்த துணியே நல்லது. வெளிர்சாம்பல், வெளிர்நீலம் ஆகியவற்றில் வியர்வைத் தடம் பளிச்சென்று தெரியும், அடர்நீலத்தில் அவ்வளவாகத் தெரியாது. தலைவழியாகக் கழற்றும் ஸ்வெட்டர் சீவிய முடியைக் கலைத்துவிடும். முன்பக்கம் பொத்தான் வைத்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் (கோத்தகிரி, தையற்கடை நடத்துபவர்):
மகளே, எதை உடுத்தினாலும் ஈர வாடையைப் போக்கிவிட்டு உடுத்து என்பதுதான் நான் முதலில் சொல்வது. நம் கிழக்குச் சரிவில் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வலுக்கும். அலமாரியில் மடித்து வைத்த நல்ல துணியும் இந்த நாட்களில் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும். நம் மூக்கு அதற்குப் பழகிவிட்டது, ஆனால் கீழே, கதவை மூடிய ஏசி அறையில், பக்கத்தில் அமர்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தால் புகை வாடையும் தாளிப்பு வாடையும் ஏறும். பாச்சை உருண்டையின் வாடையோ அதைவிடக் கடுமையானது. சில நாட்கள் முன்பே துவைத்து, சமையலறைக்கு எட்டாத அறையில் மின்விசிறிக்குக் கீழே உலர்த்து. இஸ்திரி போட்டவுடன் மடிக்காதே. சூட்டில் எழுந்த ஈரம் துணியிலேயே தங்கிவிடும். சிறிது நேரம் தொங்கவிட்ட பிறகு மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வை. தோல் செருப்போ ஷூவோ வைத்திருந்தால் இன்றே எடுத்துப் பார், தையல் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பாலிஷ் போட வேண்டும்.

பட்டுச்சேலை இந்த மழைக்கு வேண்டாம், நீர்த்துளி பட்டாலே தடம் விழும். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

பதில் (உதகை):
முடிந்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். 2009 நவம்பரில் மண்சரிவு மலைப்பாதைகளை அடைத்ததை நாம் மறக்கவில்லை. சேறு தெறித்த கால்களோடு பேருந்திலிருந்து நேரே அலுவலகத்துக்குள் நுழைவதைவிட, கோவையில் குளித்து உடை மாற்றிச் செல்வது எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. கணபதியில் சித்தி வீடு இருக்கிறது, முதல் நாள் மாலையே அங்கே சென்றுவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். என்னிடம் உள்ள அடர்நீலச் சுடிதாரில் பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்று தெரியவில்லை. தையற்கடை அம்மா அனுமதித்தால் நாளை கடைக்கே எடுத்து வந்து காட்டுகிறேன்.

பதில் (தையற்கடை நடத்துபவர்):
தாராளமாகக் கொண்டு வா. மதியத்துக்கு முன் வந்தால், கீழ் மடிப்புத் தையல் பிரிந்திருந்தாலும் உடனே தைத்துத் தருகிறேன்.