மந்தார நாள்: குண்டுமல்லியை இன்று வெட்டலாமா, கடல் நாவல் எதை எடுக்கலாம்?

கேட்டவர்: தரங்கை மகள், கண்ணங்குறிச்சி

வணக்கம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னார்கள். இன்று காலையிலிருந்து சேலத்தில் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. சேர்வராயன் மலை பாதிக்கு மேல் மூடிக் கிடக்கிறது. மழை என்று சொல்ல முடியாது, தூறல்தான். எனக்குப் பிடித்த நாள் இது. யாரும் வரமாட்டார்கள், எங்கும் போக வேண்டியதில்லை. காலையில் தோட்டம், சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் ஒரு நாவல், நடுநடுவே வானம். அஞ்சலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு நாள் வாய்த்தால் அதை வீணாக்க மனசு வருவதில்லை. அதனால் மூன்று விஷயங்கள் கேட்கிறேன்.

பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடி. கல்யாணமாகி வந்தது இந்த ஊர். அங்கே மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நின்றால் கண்ணுக்கு எட்டுகிற வரை மறைப்பே கிடையாது. கடலுக்குள் எங்கோ மழை இறங்குவது சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தனியாகத் தெரியும். அது நம்மிடம் வருமா, காரைக்கால் பக்கம் போய்விடுமா என்று அப்பா பார்த்தே சொல்லிவிடுவார். அப்பா கடலுக்குப் போனவர் இல்லை, ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினவர். ஆனால் படகு கரைக்கு வந்தால்தான் ஐஸ் விற்கும் என்பதால் அவரும் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இங்கே வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. மேகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரிகிறது. குறையாகச் சொல்லவில்லை, இந்த மலையும் எனக்கு வேண்டியதுதான். ஆனால் கிழக்கேயிருந்து ஈரக்காற்று வருகிற இந்த மாதிரி நாளில் மட்டும் வானம் அப்படியே எங்கள் ஊர் வானமாக இருக்கிறது. முழுக்க ஒரே சாம்பல், நிழல் விழாத வெளிச்சம். இது எனக்கு மட்டும் தோன்றுவதா, இல்லை நிஜமாகவே காரணம் உண்டா?

அடுத்தது தோட்டம். வாசல் பக்கம் நான்கு குண்டுமல்லிச் செடிகள் நிற்கின்றன. நவம்பர் கடைசியில் கவாத்து செய்ய வேண்டும் என்பார்கள். இன்று நேரம் இருக்கிறது, தூறலும் இருக்கிறது. வெட்டலாமா? கத்தரி நாற்றும் நடுகிற பருவத்துக்கு வந்துவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த புன்னைக்காய்கள் ஒரு கைப்பிடி உண்டு. புன்னை சேலத்தில் வருமா?

கடைசியாகப் புத்தகம். 'பொன்னியின் செல்வன்' கோடிக்கரைப் பகுதியை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். பூங்குழலி ராத்திரியில் வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் படகு செலுத்துகிற இடம் இப்போதும் பிடிக்கும். ஆனால் இன்றைக்கு வேண்டியது வேறு. காற்றைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிற வீட்டின் கதை வேண்டும். கடலை வெறும் காட்சியாக வைத்துவிட்டு வேறு எதையோ சொல்கிற கதை வேண்டாம். பழைய நாவலாக இருந்தால் நல்லது.

பதில்: நாகலூர் காப்பித் தோட்டம்

அக்கா, நீங்கள் கீழேயிருந்து பார்க்கிற அந்த மூட்டத்துக்கு உள்ளேதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். களத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. அதில் ஏறியிருக்கிற மிளகுக் கொடியில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

உங்களுக்குத் தோன்றுவது சரிதான், காரணம் இருக்கிறது. சேலத்தில் வழக்கமான நாளில் மேகம் இங்கேயே பிறக்கிறது. வெயிலில் தரை சூடாகி, காற்று மேலே கிளம்பி, மதியத்துக்கு மேல் மலையோரமாகக் குவியல் குவியலாகக் கட்டும். நடுவில் இடைவெளி இருக்கும், வெயில் விட்டு விட்டு அடிக்கும், சாயங்காலம் இடி. அது உள்நாட்டு வானம். தாழ்வு மண்டலம் வந்தால் கதையே வேறு. கடலுக்கு மேல் சுழல்கிற ஈரக்காற்றிலிருந்து விரிகிற மேகம் பல நூறு கிலோமீட்டருக்கு ஒரே விரிப்பாகப் பரவும். கடலூர்க் கரை நமக்கு 200 கி.மீ. தூரம்தான். அதனால் இன்று தரங்கம்பாடிக்கு மேலே இருப்பதும் உங்கள் வீட்டுக்கு மேலே இருப்பதும் அநேகமாக ஒரே மேகக் கூட்டத்தின் இரண்டு ஓரங்கள். வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருவதால் நிழல் விழாது.

அதே ஈரக்காற்று சேர்வராயன்மேல் மோதி ஏறும்போது குளிர்ந்து மூட்டமாகிறது. சேர்வராயன் கோயில் இருக்கிற மேடு 1,600 மீட்டருக்கும் மேலே. சேலம் நகரம் 300 மீட்டர்கூட இல்லை. அதனால்தான் உங்களுக்குத் தூறல், எங்களுக்கு மூட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் கரையோர ஊர்களில் ராத்திரி திடீரென்று இடியோடு மழை கொட்டுமே, அது பெரும்பாலும் உள்நாட்டில் சாயங்காலம் கட்டிய மேகம். மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு போய்க் கரையில் இறக்கும். ஆக உங்கள் அப்பா கடல் பக்கம் பார்த்துக் கணித்தது ஐப்பசி, கார்த்திகை மழையாகத்தான் இருக்கும். ஆவணி மழைக்கு அவர் மேற்கே திரும்பியிருப்பார்.

எங்களுக்கு இந்த நாள் நிம்மதி இல்லை அக்கா. இப்போது பழம் பறிக்கிற நேரம். அரபிகா சிவந்து நிற்கிறது. பறித்ததைக் களத்தில் பரப்ப முடியவில்லை, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். புழுங்கினால் வாசம் கெட்டுவிடும், அதனால் மணிக்கொரு தடவை கிளறிவிட வேண்டும். காக்பர்ன் என்று 1820களில் சேலம் கலெக்டராக இருந்தவர் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து கார்த்திகை மூட்டத்தோடு இங்கே இதே போராட்டம்தான் நடந்திருக்கும். நீங்கள் படிக்கிற பக்கங்களில் எனக்கும் சேர்த்து ரெண்டு பக்கம் படித்துவிடுங்கள்.

பதில்: பனமரத்துப்பட்டி பூக்காரர்

அம்மா, கவாத்துக் கத்தரியை இன்றைக்கு உள்ளேயே வையுங்கள். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் நின்று பூஞ்சணம் பிடிக்கும். குச்சி நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி என்பது சரியான கணக்கு, ஆனால் நாலு நாள் தள்ளினால் ஒன்றும் கெட்டுப்போகாது. மேகம் கலைந்து நல்ல வெயில் அடித்து, செடி காய்ந்த பிறகு செய்யுங்கள். அதுவரைக்கும் தண்ணீர் விட வேண்டாம்.

வெட்டும்போது பாவம் பார்க்கக் கூடாது. தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் நிறுத்திவிட வேண்டும். காய்ந்தது, நோஞ்சான், உள்பக்கமாக ஒன்றோடு ஒன்று உரசுகிறது, எல்லாம் போகட்டும். மிச்சம் இருக்கிற இலையையும் உருவிவிடுங்கள். செடி மொட்டையாக நிற்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கேட்பார்கள், கேட்கட்டும். மல்லி பழைய குச்சியில் பூக்காது, புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். நிறைய வெட்டினால் நிறையத் துளிர். அப்புறம் தூரைச் சுற்றி மண்ணைக் கிளறி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். மார்ச்சில் பூ எடுக்கலாம். குண்டுமல்லியில் அந்த முதல் பூவுக்கு உள்ள வாசம் பின்னாடி வருகிற பூவுக்குக் கிடையாது, இது என் சொந்த அபிப்பிராயம்.

இன்றைய வேலை நாற்று நடவு. மந்தார நாள்தான் அதற்கு நாள். வெயிலில் நட்டால் நாற்று சாயங்காலத்துக்குள் தலை சாய்ந்துவிடும். வேர் பிடிக்கும் முன்னாலேயே இலை வழியாகத் தண்ணீர் போய்விடுவதுதான் காரணம். இன்றைக்கு அந்தக் கவலை இல்லை. கத்தரிக்கு 30, 35 நாள் நாற்றாக இருக்கட்டும். பிடுங்கும் முன் நாற்றங்காலை நனைத்து, வேரோடு ஒட்டின மண் உதிராமல் எடுங்கள். செடிக்குச் செடி 60 செ.மீ. விடுங்கள். பள்ளத்தில் நடாமல், மண்ணை நீளமாக மேடு கட்டிப் பார் பிடித்து அதன் பக்கவாட்டில் நடுங்கள். மழை வலுத்து வேரில் தண்ணீர் நின்றால் வாடல் நோய் வந்துவிடும்.

புன்னை தாராளமாக வரும். உப்புக்காற்று பட்டாலும் தாங்குகிற மரம் அது, உப்புக்காற்று இல்லாவிட்டால் வளராது என்பதெல்லாம் இல்லை. வளர்த்தி மட்டும் மெதுவாக இருக்கும். காயின் ஓடு கெட்டி. அப்படியே புதைத்தால் முளைக்க மாதக் கணக்கில் ஆகும். சின்னக் கல்லால் மெல்லத் தட்டி ஓட்டில் விரிசல் விட்டு, உள்ளே பருப்பு நசுங்காமல் பார்த்து, மணலில் விதையுங்கள். சீக்கிரம் வரும்.

பதில்: மணப்பாட்டுக்காரன், உருக்காலை

அக்கா, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977இல் வந்தது. சின்ன நாவல், மத்தியானம் எடுத்தால் விளக்கு வைக்கும் முன் முடித்துவிடலாம். எங்கள் மணப்பாட்டுப் பக்கத்துக் கரைதான் களம். குரூஸ் மிக்கேல் என்று ஒரு மனிதர், வள்ளம், அதாவது நாட்டுப் படகு, வைத்திருப்பவர். வாத்தியார் வேலை பார்க்கிற மகன், வள்ளத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிடுகிறான். அவருக்கு மனசு இல்லை. அதே நேரம் ஊரில் லாஞ்சி என்கிற விசைப்படகு வந்துவிட்டது. லாஞ்சிக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் பகை முற்றுகிறது. மகள் பிலோமி ஒரு லாஞ்சி வீட்டுப் பையனை விரும்புகிறாள். இவ்வளவுதான் கதை, ஆனால் அதில் யாரையும் கெட்டவர் என்று தள்ள முடியாது. சேலத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் இதைப் படித்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் பேசுகிற பேச்சு அச்சில் அப்படியே இருந்தது. நீங்கள் கிழக்குக் கரையின் வடபக்கம், பேச்சு கொஞ்சம் வேறாகத் தெரியும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

அடுத்து ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்'. அவர் எதை எழுதினாலும் அந்த இடத்துக்கே போய் மக்களோடு பழகிவிட்டுத்தான் எழுதுவார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய 'கரிப்பு மணிக'ளும் அப்படித்தான். அவர் நூல்கள் 2009இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யும் நல்ல நாவல், ஆனால் அதில் கடலைவிட ஊரும் ஊர்ப் பெரிய வீடும்தான் முக்கியம். உங்கள் நிபந்தனைக்கு அது இரண்டாம்பட்சம். 'செம்மீன்' சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் கிடைக்கும், படித்திருப்பீர்கள்.

காற்றைப் பற்றிக் கேட்டீர்களே. எங்கள் ஆட்கள் மழை வருமா என்று முதலில் பார்ப்பதில்லை, காற்று எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். இன்று உங்கள் திண்ணைக்கு வருவது கொண்டல்.

கேட்டவர்: தரங்கை மகள், கண்ணங்குறிச்சி

எல்லோருக்கும் நன்றி. கத்தரியை நட்டுவிட்டேன். பார் பிடித்துத்தான். மண்ணைக் கையில் எடுத்தால் பிடித்த பிடி அப்படியே நிற்கிற ஈரம். குண்டுமல்லி காத்திருக்கட்டும்.

நாகலூர்த் தம்பி, ஆவணி மழை பற்றி நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா அந்த மாதங்களில் கொல்லைப்பக்கம் போய் மேற்கே பார்ப்பார், அது உண்மைதான். மழை முதலில் எங்கே பிறந்து வருகிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மணப்பாட்டுத் தம்பி, 'செம்மீன்' படித்திருக்கிறேன். எழுத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடலில் போனவனுக்கு ஆபத்து வந்தால் கரையில் இருக்கிற பெண்டாட்டியின் நடத்தைதான் காரணம் என்கிற அந்த நம்பிக்கை, அதன்மேல் கதையைக் கட்டியிருப்பது, எனக்கு என்றைக்கும் ஒப்பவில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கடலில் ஆளை இழந்த வீடுகள் உண்டு. அங்கே பெண்கள் காற்றைப் பற்றிப் பேசினார்கள், படகின் பலகையைப் பற்றிப் பேசினார்கள், வலைக்கு வாங்கின கடனைப் பற்றிப் பேசினார்கள். விடிவதற்குள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பொறையாறு சந்தைக்கு நடந்தார்கள். அவர்கள் தலையில் அந்தப் பழியையும் ஏற்றி வைத்த கதையை என்னால் அழகு என்று படிக்க முடியவில்லை. 'கடல்புரத்தில்' மகனிடம் இருக்கிறது, போன் செய்து தேடச் சொன்னேன். அது வரும் வரைக்கும் 'அலைவாய்க் கரையில்' ஆரம்பித்துவிட்டேன்.

பூக்காரத் தம்பி, புன்னைக்கு ஒரு கேள்வி பாக்கி. மதில் ஓரமாக வைக்கலாமா?

பதில்: மணப்பாட்டுக்காரன், உருக்காலை

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா. எங்கள் அம்மாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாள். 'கடல்புரத்தில்' படித்து முடித்துவிட்டுப் பிலோமியைப் பற்றி எழுதுங்கள், அந்தப் பெண்ணை உங்களுக்குப் பிடிக்கும்.

பதில்: பனமரத்துப்பட்டி பூக்காரர்

மதில் ஓரம் வேண்டாம் அம்மா. பெரிய மரமாக விரியும், வேர் சுவரைத் தூக்கும். குறைந்தது 5 மீட்டர் தள்ளி, தெற்குப் பக்கம் இடம் இருந்தால் அங்கே வையுங்கள். முதல் இரண்டு கோடை மட்டும் தண்ணீர் விட மறக்காதீர்கள்.