ஆங்கிள் லாக் (கணுக்கால் பூட்டு) பிடி கிடைக்கிறது, ஆனால் யாரும் டேப் அடிப்பதில்லை (தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை). எங்கே தவறு?

ஈசூன் வெள்ளை பெல்ட்:

எட்டு மாதமாக ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தக் கலை கற்கிறேன். சிங்கப்பூரில் லேவண்டர் பக்கம் வகுப்பு, வாரம் மூன்று நாள். எடை 63 கிலோ. தொடக்கநிலையான வெள்ளை பெல்ட்டுக்குக் கால் பிடிகளில் நேர் ஆங்கிள் லாக் மட்டும்தான் அனுமதி என்பதால் அதையே விடாமல் பழகுகிறேன்.

எதிரில் நிற்பவரைக் கீழிருந்து சிங்கிள் லெக் எக்ஸ் (அவரது ஒரு காலை என் இரண்டு காலாலும் பின்னும் பிடி) போட்டு விழத்தட்ட முடிகிறது. பாதமும் என் அக்குளுக்குள் வந்துவிடுகிறது. அதன்பிறகு மல்லாந்து சாய்ந்து இழுக்கிறேன், இழுத்துக்கொண்டே இருக்கிறேன். என் முன்னங்கைதான் எரிகிறது. போன வியாழன் 85 கிலோ நண்பர் ஒருவர் தன் காலை என்னிடம் விட்டுவிட்டு அப்படியே எழுந்து என் மேல் ஏறிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன மாதம் பொறுமை போய் ஒருவர் காலை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். கணுக்காலில் சத்தம் கேட்டது. இரண்டு வாரம் நொண்டினார். அதிலிருந்து பிடி சரியாக விழும்போதுகூட இறுக்கப் பயமாக இருக்கிறது. பிடியும் வேலை செய்ய வேண்டும், யாருக்கும் அடிபடவும் கூடாது. உதவுங்கள்.

தேக்கா பூக்கடை அக்கா:

தம்பி, நான் பர்ப்பிள் பெல்ட், 52 கிலோ. என் ஆங்கிள் லாக்கும் இரண்டு வருடம் யாரிடமும் வேலை செய்யவில்லை. அதனால் நீங்கள் சொல்வது நன்றாகப் புரிகிறது.

முதலில் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். "அக்குளுக்குள் வந்துவிடுகிறது" என்கிறீர்கள். பெரும்பாலும் அப்போது முன்னங்கை கெண்டைக்கால் சதையில்தான் இருக்கும். அங்கே எவ்வளவு அழுத்தினாலும் சதை தாங்கிக்கொள்ளும். கை கீழே இறங்க வேண்டும். குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கத் தசைநார் கயிறு மாதிரி தட்டுப்படும் இடத்தில், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பு உட்கார வேண்டும். கையால் இழுத்து இறக்காதீர்கள். அவர் இடுப்பில் ஊன்றிய காலால் தள்ளி நீங்கள் பின்னே நகருங்கள், கை தானாக வழுக்கி வந்து குதிகாலில் முட்டி நிற்கும். அதன்பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டிவிடுங்கள். அந்த இடைவெளியில் ஒரு விரல் நுழைந்தாலும் பாதம் நழுவும். மாலை கட்டுகிறவர்களுக்குத் தெரியும்: நாரை முரட்டுத்தனமாக இழுத்தால் பூ நசுங்கும், மாலை நிற்காது. முடிச்சு சரியான இடத்தில் உட்கார்ந்தால் சின்ன இழுப்பே போதும்.

அவர் எழுந்தது உங்கள் முழங்கால்கள் விரிந்திருந்ததால்தான். அவர் தொடையை உங்கள் இரண்டு முழங்காலுக்கு நடுவில் நெருக்குங்கள். வெளிக்கால் பாதம் அவர் இடுப்பில், உள்கால் அவர் தொடைக்கு அடியில். வெளிக்காலை அவர் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போடாதீர்கள். அது முழங்காலை முறுக்கும், போட்டியில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம், மல்லாந்து படுக்காதீர்கள். அவர் வலக்கால் உங்கள் இடது அக்குளில் இருந்தால் உங்கள் இடது தோள் தரையில் படட்டும். ஒருக்களித்து, மார்பை விரித்து, இடுப்பை முன்னே தள்ளுங்கள். முதுகும் இடுப்பும் செய்கிற வேலை இது, கையின் வேலை பிடித்துக்கொண்டிருப்பது மட்டும். பிடிபடாத காலின் பக்கம் திரும்புவது ஐபிஜேஜேஎஃப் (ஜியு-ஜிட்சு போட்டிகளை நடத்தும் சர்வதேச அமைப்பு) விதிப்படி தவறு.

எனக்குக் கை சின்னது, அதனால் கீ (பயிற்சிச் சட்டை) போட்டிருக்கும்போது என் சொந்தக் காலரையே பிடித்துக்கொள்வேன்.

ஜூரோங் பிரவுன் பெல்ட்:

அக்கா சொன்னதில் ஒன்றே ஒன்று மாற்றிச் சொல்வேன். காலரை நம்பிப் பழகினால் கீ அணியாத நோ-கீ வகுப்பில் பிடிக்க ஒன்றும் இருக்காது. மற்றக் கையின் உள்ளங்கையை அவர் கீழ்க்காலின் முன் எலும்பின் மேல் வைத்து, பிடித்திருக்கும் கையால் அந்த மணிக்கட்டைப் பற்றும் பூட்டை இப்போதே பழகிவிடுங்கள்.

தம்பி, உங்கள் பயம் நல்ல பயம். 2017 மே மாதம் காலாங் உள்ளரங்கில் ஜியு-ஜிட்சு வீரர் கேரி டோனன், ஜப்பானிய வீரர் ஷின்யா அவோக்கியைக் குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக் பிடியில் டேப் அடிக்க வைத்ததை நேரில் பார்த்தேன். அடுத்த வாரமே எங்கள் வகுப்பில் ஆளாளுக்குக் குதிகாலைத் திருக ஆரம்பித்தார்கள். எங்கள் பயிற்சியாளர் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்: ஹீல் ஹூக்கில் வலி வருவதற்கு முன்பே முழங்கால் தசைநார் போய்விடும். ஐபிஜேஜேஎஃப் 2021இல் அதை அனுமதித்ததுகூட நோ-கீயில், வயதுவந்த பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு மட்டும்.

நேர் ஆங்கிள் லாக் அந்த அளவுக்கு மோசமில்லை. பெரும்பாலும் வலி முன்னதாகவே எச்சரிக்கும். ஆனால் வெடுக்கென்று இழுத்தால் எச்சரிக்கை வர நேரமே இல்லை. நான் செய்வது இது: பிடி முழுதாக அமைந்ததும் ஒரு கணம் நிறுத்துவேன். பிறகு மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இடுப்பை நீட்டுவேன். மூன்றுக்குள் டேப் வரவில்லை என்றால் வலுவைக் கூட்ட மாட்டேன், விட்டுவிட்டு எங்கே இடைவெளி என்று தேடுவேன். வகுப்பில் ஒரு டேப் கிடைக்காமல் போவதால் என்ன நஷ்டம்? கூடப் பழகுகிறவர் நாளைக்கும் மேட்டுக்கு வர வேண்டும்.

அடிபட்டவரிடம் பேசினீர்களா?

ஈசூன் வெள்ளை பெல்ட்:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. பேசினேன் அண்ணே. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு முன்னால் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மற்றக் காலை நீட்டி "இதில் மெதுவாகப் பழகு, எங்கே உறைக்கிறது என்று சொல்கிறேன்" என்றார். அரை மணி நேரம் அதையே செய்தோம். என் கை நான்கு விரற்கடை மேலே இருந்திருக்கிறது!

அன்றைக்கே 85 கிலோ நண்பர் இரண்டு முறை டேப் அடித்தார். மூன்றாவது முறை எழுந்து உட்கார்ந்து, இடுப்பில் இருந்த என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிவிட்டுத் தப்பித்தார். அதற்கு என்ன செய்வது?

தேக்கா பூக்கடை அக்கா:

இரண்டு கையும் உங்கள் பாதத்தில் இருந்தால் உங்கள் கைப்பிடியை உடைக்க அவரிடம் கை இல்லை. அவர் குனிந்து கை நீட்டும்போதே காலை நிமிர்த்தித் தள்ளி அவரை மறுபடி சாயவிடுங்கள், அந்த நேரத்தில் இடுப்பை நீட்டுங்கள். மூன்று எண்ணி.