டீசல் வண்டில பெட்ரோல் போட்டாச்சு: குழி மேல நிறுத்தி டாங்க்கைக் காலி பண்ணலாமா?

ஒத்தக்கடை பட்டறை:
அண்ணன்மாருக்கு வணக்கம். டீசல் பிக்கப் ஒண்ணை இழுத்துட்டு வந்து விட்டிருக்காங்க. டாங்க்ல 20 லிட்டர் டீசல் இருந்திருக்கு, அதுக்கு மேல 15 லிட்டர் பெட்ரோல் போட்டாச்சு. சாவியே திருப்பலை. டாங்க் அடில டிரெயின் போல்ட் இருக்கு. வண்டிக்கு அடில நின்னு வேலை பாக்குற குழி மேல ஏத்தி, கீழ அகலச் சட்டி வச்சு, தண்ணி கேன்ல ஊத்தி வைக்கலாம்னு இருக்கோம். பாதிக்கு மேல டீசல்தானே, தீப்பிடிக்காதுல்ல? பக்கத்துக் கடை வெல்டிங்.

மேலூர் நாசில்:
சாவி திருப்பாதது நல்லதாப் போச்சு. டாங்க்கை மட்டும் காலி பண்ணினாப் போதும், டீசல் லைன், ஃபில்டர், இன்ஜெக்டருக்கு டீசல் போற ரெயில் எதையும் தொட வேண்டாம். ஆனா குழி மேல மட்டும் ஏத்தாதீங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட 3, 4 மடங்கு கனம். சட்டில விழ விழ ஆவி கிளம்பி, தண்ணி மாதிரி குழிக்குள்ள இறங்கித் தேங்கும். குழி இல்லாட்டியும் தரையோட ஊர்ந்து சாக்கடை வழியா வெல்டிங் கடை வரைக்கும் போகும். தீ அங்கிட்டு பிடிச்சு இங்கிட்டு ஓடி வரும்.

வில்லாபுரம் பைக்:
டீசல் கலந்தா தீக்குச்சி போட்டாலும் அணைஞ்சிரும். இதுக்குப் போயி இம்புட்டு பயமா?

மேலூர் நாசில்:
தப்புண்ணே, இந்த நினைப்புதான் ஆளைக் கவுக்கும். பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது பொறி பட்டா தீப்பிடிக்கிற அளவு ஆவி கிளம்புற சூடு, மைனஸ் 40 டிகிரி பக்கம். அது கலந்துட்டா மேல நிக்கிற ஆவி பெட்ரோல் ஆவிதான். 35ல 15 லிட்டர் பெட்ரோல்னா முழுசும் பெட்ரோல்னே நினைச்சு வேலை பாக்கணும். தனி டீசலுக்கே நம்ம நாட்டுத் தரத்துல குறைஞ்சபட்சம் 35 டிகிரிதான். சித்திரை மாசம் மதுரைல நிழல்லயே அதைத் தாண்டிருது.

கப்பலூர் ஃபிட்டர்:
செய்யற முறை இது. வண்டியைத் திறந்த வெளில, சமதரைல நிறுத்துங்க. காலை 6 மணி நல்ல நேரம், வெயில் ஏறாது, வெல்டிங் கடையும் திறந்திருக்காது. பேட்டரி நெகட்டிவை முதல்லயே கழட்டிருங்க. எண்ணெய் கொட்ட ஆரம்பிச்ச பிறகு கழட்டினா அந்தப் பொறியே போதும். கம்ப்ரசர் மெயினை அணைங்க. காத்து குறைஞ்சதும் அதோட பிரஷர் சுவிட்ச் 'டிக்'குன்னு தானா விழும், உள்ள பொறி பறக்கும். யாரும் தொடாமலே இது நடக்கும்.

டிரெயின் போல்ட்டைத் தொடாதீங்க. மரை கடைசிச் சுத்துல விட்டதும் கை, சட்டை எல்லாம் நனையும், திருப்பி மாட்டவும் முடியாது. கையால சுத்துற ரோட்டரி பம்ப், பெட்ரோலுக்கான ஆன்ட்டி ஸ்டேட்டிக் ஹோஸ் (ஸ்டேட்டிக்னா உரசல்ல ஏறுற மின்சாரம், அது தேங்காத ஹோஸ்) வச்சு எடுங்க. வாயால உறிஞ்சவே கூடாது. மூடி வழியா ஹோஸ் இறங்கலைன்னா டாங்க் மேல இருக்கிற, எண்ணெய் அளவு காட்டுற கேஜ் யூனிட்டைக் கழட்டி அது வழியா விடுங்க.

தண்ணி கேன் வேண்டாம். பிளாஸ்டிக்ல ஏறுற ஸ்டேட்டிக் வெளியேற வழி கிடையாது. லைசென்ஸ் இல்லாம பெட்ரோல் வைக்கிறதுக்கு 1934 பெட்ரோலியம் சட்டம் சொல்றது கண்ணாடி, பீங்கான், உலோகம் மட்டும்தான். உலோகக் கேன்னா 25 லிட்டருக்கு மிகாம, மொத்தம் 30 லிட்டர் வரைக்கும். உங்ககிட்ட 35 இருக்கு. அதனால ஒரு கேனை இறக்கி அனுப்பிட்டு அடுத்ததை எடுங்க, அதுவரை மீதி டாங்க்லயே மூடிக் கிடக்கட்டும்.

ஸ்டேட்டிக் பொறி வராம இருக்க, செம்பு வயர்ல ரெண்டு கிளிப் போட்டு ஒண்ணு கேன்ல, ஒண்ணு சேசிஸ்ல. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்புல மாட்டணும், மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே. ஹோஸ் நுனி கேன் அடியைத் தொடட்டும், முதல்ல மெதுவாச் சுத்துங்க.

ஒத்தக்கடை பட்டறை:
சரிண்ணே. அடில பாக்க ஒயர் போட்ட குண்டு பல்ப் லைட்டுதான் இருக்கு. பரவாயில்லையா?

கப்பலூர் ஃபிட்டர்:
அதைக் கிட்டயே கொண்டு வராதீங்க. சூடான கண்ணாடில ஒரு சொட்டு விழுந்தாப் போதும், பல்ப் வெடிச்சு இழை வெளிய வந்துரும். விடிஞ்ச பிறகு லைட்டே தேவையில்ல. செல்போனும் சட்டைப் பைல வேண்டாம், குனியும்போது விழும்.

திருநகர் சேஃப்டி:
6 கிலோ பவுடர் எக்ஸ்டிங்குஷர் ஒண்ணு, 9 லிட்டர் ஃபோம் ஒண்ணு. வண்டிக்கு அடில வைக்காதீங்க, காத்து வர்ற பக்கம், 3, 4 மீட்டர் தள்ளி. பவுடர் சட்டுனு அடக்கும், ஆனா சூடு இருந்தா திரும்பப் பிடிக்கும். ஃபோம்தான் மேல படிஞ்சு ஆவியை மூடும். தண்ணி ஊத்தினா எரியற எண்ணெய் மிதந்து பரவும். ஒருத்தர் எக்ஸ்டிங்குஷர் பக்கத்துலயே நிக்கணும், வேற வேலை கொடுக்காதீங்க. சட்டை நனைஞ்சா உடனே தண்ணி ஊத்திட்டுக் கழட்டுங்க. பூஜைச் சூடம், கொசுவத்தி, டீ அடுப்பு எதுவும் அன்னைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

ஒத்தக்கடை பட்டறை:
டாங்க் காலியானதும் முன்னாடி ஒட்டுப் போட்ட இடம் ஒண்ணு கசியுது, அதையும் வெல்டிங் வச்சிரலாமா?

மேலூர் நாசில்:
ஐயோ, வேண்டவே வேண்டாம். நிறைஞ்ச டாங்க்கை விட காலி டாங்க்தான் மோசம். நிறைய இருக்கும்போது ஆவி அடர்த்தியா இருக்கும், காத்து போதாது. எண்ணெய் இறங்க இறங்க காத்து உள்ள போயி, காத்துல ஆவியோட பங்கு 1.4ல இருந்து 7.6 சதவீதத்துக்குள்ள வந்துட்டா ஒரு பொறிக்கே வெடிக்கும். தண்ணில கழுவினாலும் மடிப்புக்குள்ள கொஞ்சம் நிக்கும். கசிவு இருந்தா டாங்க்கையே மாத்துங்க.

காலியானதும் 5 லிட்டர் டீசல் ஊத்தி அலசி, அதையும் பம்ப் போட்டு எடுங்க. அப்புறம் புது டீசல் 20 லிட்டர். எடுத்த கலவைல சாமான் கழுவாதீங்க, சாக்கடைலயும் ஊத்தாதீங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதிச்ச ஆள்கிட்டக் கொடுங்க.

ஒத்தக்கடை பட்டறை:
கடைசியா ஒண்ணு. 20 லிட்டர் தகரக் கேனை வாய் வரைக்கும் நிரப்பலாமா?

கப்பலூர் ஃபிட்டர்:
18 போதும். வெயில் பட்டா விரியும், மேல இடம் வேணும். மூடிக்குள்ள ரப்பர் வாஷர் இருக்கான்னு இன்னைக்கே பாத்து வச்சுக்கங்க. கேன் மேல 'பெட்ரோல் கலவை'ன்னு பெருசா எழுதுங்க, டீசல்னு நினைச்சு எவனாவது வேற வண்டில ஊத்திரப் போறான்.