புதுப்பிப்பு: கோப்பையின் காது இப்போது வெடிப்பதில்லை

சக்கரம் இல்லாமல் கையால் செய்யும் களிமண் தேநீர்க் கோப்பையில், காது (கைப்பிடி) ஒட்டிய இடம் காயும்போதே வெடிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சரிப்பட்டு வந்தது, "காதை ஈரத்துணியால் சுற்றிக் காயவிடுங்கள்" என்ற யோசனைதான். மட்டக்களப்பில் இப்போது வறண்ட கச்சான் காற்று. மெல்லிய காது கோப்பையை முந்திக்கொண்டு காய்ந்து சுருங்கிவிடும். கோப்பையோ இன்னும் ஈரமாக இருக்கும். இழுபடுவது ஒட்டிய இடம்தான். அதனால் இரண்டும் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்போது ஒட்டும் இடங்களைக் கீறி, களிக்குழம்பு (தண்ணீரில் குழைத்த களிமண்) தடவி ஒட்டினேன். காதில் ஈரத்துணி, மேலே தளர்வாகப் பொலித்தீன். வெடிப்பே இல்லை. குழம்பில் வினாகிரி சேர்த்தும் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்பாராத ஒன்று அலங்காரத்தில் வந்தது. நன்றாகக் காய்ந்த கோப்பையில் பூசிய வெள்ளைக் களிக்குழம்பு செதில் செதிலாக உரிந்தது. மண் ஏற்கனவே சுருங்கி முடித்துவிட்டது, பூச்சு அப்போதுதான் சுருங்கத் தொடங்குகிறது. தொட்டால் குளிர்ந்து, அழுத்தினால் நெளியாத பதத்தில் பூசினால் பிடித்துக்கொள்கிறது. கொடிக்கோலத்தை ஊசியால் கீறவும் அதுதான் நல்ல பதம், கோடு பிசிறில்லாமல் வரும்.

அப்புறம் சூளை. 573 பாகை செல்சியசில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். கோப்பை வெடிக்காமல் இருக்க, அந்த வெப்பநிலையை ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகவே கடந்தோம். மெருகுக்கு (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) ஈயம் இல்லாததையே எடுத்தேன். குடிக்கிற பாத்திரம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.