பழைய பிரிட்டிஷ் துப்பாக்கி: பெயரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: சிக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. விசைத்தகட்டில் ‘ஜோசப் மான்டன், லண்டன்’ என்று பொறிக்கப்பட்டுள்ளது. 1790களில் செய்யப்பட்டது என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில் 1: பெயரை மட்டும் நம்பாதீர்கள். மான்டன் லண்டனின் புகழ்பெற்ற துப்பாக்கித் தயாரிப்பாளர்; அவர் பெயரைப் போலியாகப் பொறித்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள். குழலைக் கழற்றச் சொல்லி, அதன் அடிப்பக்கத்திலுள்ள சோதனை முத்திரைகளை (குழல் சுடுவதற்குத் தாங்கும் என்று சோதித்ததற்கான அடையாளங்களை) பாருங்கள். பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல்தான் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது என்பதால், அதன் முத்திரை இருக்குமானால் விற்பவர் கூறும் காலம் பெரும்பாலும் பொருந்தாது.

பதில் 2: மருந்துத் தட்டையும் (கல்லின் தீப்பொறி விழும், வெடிமருந்து வைக்கும் சிறு தட்டு) உற்றுநோக்குங்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெடிமூடி முறைக்கு (அடித்தால் வெடிக்கும் சிறு உலோக மூடியால் சுடும் முறை) மாற்றப்பட்ட பல துப்பாக்கிகள், பிற்காலத்தில் விலை கூடும் என்பதற்காக மீண்டும் கல் முறைக்கே திருப்பப்பட்டன. அங்கே உலோகத்தின் நிறம் மாறுபட்டால் ஐயம் கொள்ளுங்கள். வாங்கினால், தயவுசெய்து குழலைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். குழலின் பழைய பழுப்பு நிறம் போனால் திரும்பாது.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. குழலைக் கழற்றிக் காட்டும்படி இன்றே கேட்கிறேன்.