ப்ளாசிபோ: ‘மருந்துப்போலி’யை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உள்ளே மருந்து எதுவும் வைக்காமல் அதே தோற்றத்தில் செய்து தருவதுதான் ப்ளாசிபோ. அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்று இந்த இழையில் மூன்று நாளாக வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மருத்துவ ஆய்வுகளில் சேர்கிறவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவங்களைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஆய்வைப் பற்றிய தகவல் பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில் இருந்தாக வேண்டும். அதனால் நாம் இங்கே ஆக்கும் சொல் அகராதியோடு நிற்பதில்லை. நோயாளியின் கையில் தாளாகப் போய்ச் சேர்கிறது.

> ‘மருந்துப்போலி’ ஏற்கெனவே கலைக்களஞ்சியம் வரை போய்விட்ட சொல். இலக்கணத்தில் போலி என்றால் மோசடி இல்லை. அதையே வைத்துக்கொள்ளலாமே?

இலக்கணத்தை நினைவூட்டிய புலவருக்கு நன்றி. அறம் என்பது அறன் ஆகும்போது ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து உட்காருகிறது, பொருள் மாறுவதில்லை. அதைத்தான் போலி என்றார்கள். அழகான வழக்கு. நானும் இதே நியாயத்தைச் சொல்லித்தான் பல ஆண்டு ‘மருந்துப்போலி’ என்று எழுதிவந்தேன்.

ஒரு சர்க்கரை நோய் ஆய்வுக்காகச் செய்யாறு பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்தச் சொல் வந்ததும் நிறுத்தச் சொன்னார். “போலின்னா, டிவில காட்டுறாங்களே, கம்பெனி பேரு ஒட்டி வித்துப் புடிபட்டாங்கன்னு, அதுவா தம்பி? அதையா எனக்குக் குடுப்பீங்க?” இல்லை என்று நான் விளக்க விளக்க, அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். மறுப்பது அவர் உரிமை, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆய்வு என்னவென்று தெரிந்து மறுக்காமல், என் சொல்லைக் கேட்டு மிரண்டு மறுத்தாரே, அது இன்றுவரை உறுத்துகிறது.

‘மருந்துப்போலி’யும் ‘போலி மருந்து’ம் முன்பின் மாறிய அதே இரண்டு சொற்கள். வாசித்துக் காட்டும்போது காதில் ஒன்றாகவே விழுகின்றன. போலி மருந்து, போலி மருத்துவர் என்று நாளிதழ்கள் தினமும் எழுதும் நாட்டில், இலக்கணப் பொருளை நோயாளியிடம் எதிர்பார்க்க முடியாது.

> மூலச் சொல்லின் வேரைப் பார்த்து ‘மகிழ்மருந்து’ எனலாம்.

வேர் சுவையானது. லத்தீனில் ‘நான் மகிழ்விப்பேன்’ என்பது அதன் பொருள். இறந்தவர்களுக்கான கத்தோலிக்க மாலை வழிபாட்டில் முதல் வரி இந்தச் சொல்லில்தான் தொடங்கும். இடைக்கால ஐரோப்பாவில் செத்த வீட்டில் சோற்றுக்கும் காசுக்குமாக வந்து அந்த வரியைப் பாடியவர்களை ‘ப்ளாசிபோ பாடுகிறவர்கள்’ என்றார்கள். நம் ஊரில் கூலிக்கு மாரடிப்பது என்போமே, அதேதான். ஆனால் இன்றைய ஆய்வில் இந்த மாத்திரை யாரையும் மகிழ்விக்கக் கொடுக்கப்படுவதில்லை. வேரைப் பெயர்த்தால் இன்றைய வேலை விட்டுப்போகும்.

> ‘வெற்று மாத்திரை’. சுருக்கம், தமிழ், யாருக்கும் புரியும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். வெறுங்கை, வெறுவயிறு, வெற்றிடம் என்று எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். ஏற்கவே நினைத்தேன். 2020இல் வெளியான சாம்சன் ஆய்வு தடுத்துவிட்டது.

ஸ்டேட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தசை வலி போன்ற தொந்தரவு வருகிறது என்று நிறுத்திவிட்ட 60 பேரை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 மாதத்துக்கு 12 புட்டிகள். நான்கில் ஸ்டேட்டின், நான்கில் ப்ளாசிபோ, மீதி நான்கு புட்டிகளில் ஒன்றுமே கிடையாது. அன்றன்றைய தொந்தரவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று கைப்பேசியில் மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களின் சராசரி 8. ஸ்டேட்டின் மாதங்களில் 16.3. ப்ளாசிபோ மாதங்களில் 15.4! தொந்தரவு பொய்யில்லை, அவர்கள் உண்மையாகவே அனுபவித்தார்கள். ஆனால் அதில் பெரும்பங்கு மாத்திரையை விழுங்குகிறோம் என்ற எண்ணத்திலிருந்து வந்தது.

இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ப்ளாசிபோவை ‘வெற்று’ என்றால் அந்தக் காலிப் புட்டியை என்னவென்பது? ஆய்வின் கண்டுபிடிப்பே அவை இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது. அந்த மாத்திரை வெறுமையும் இல்லை. 1978லேயே லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் ஆராய்ந்து, ப்ளாசிபோ தரும் வலிநிவாரணத்தை நலாக்சோன் மருந்து முறிக்கிறது என்று காட்டினார்கள். அபினி வகை மருந்துகளின் செயலை முறிப்பது நலாக்சோன். அப்படியானால் உடம்பே தன்னுள் ஏதோ சுரந்து வலியைத் தணித்திருக்க வேண்டும். உள்ளே மருந்தில்லை, சரி. வெளியே விளைவு இருக்கிறதே.

> ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்கிறோமே, அந்த ‘ஒப்பு’ சரிவராதா? ஒப்பு மருந்து.

பாண்டிச்சேரி நண்பரின் இந்த வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படும், ஆனால் கணக்கில் வராத குழந்தை. ஒப்பு என்றால் சாயலும்கூட, ஒப்பிடுவதும்கூட. ப்ளாசிபோவின் இரண்டு வேலையும் அதில் அடங்கிவிட்டன. சிக்கல் வேறு பக்கமிருந்து வருகிறது. புது மருந்தைப் பழைய மருந்தோடு ஒப்பிடும் ஆய்வில் அந்தப் பழைய மருந்தை ‘ஒப்பீட்டு மருந்து’ என்கிறோம். ஏற்கெனவே உள்ள உயிரி மருந்துக்கு நிகராகச் செய்யப்படும் பயோசிமிலர்களுக்கும் ஒப்பு என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவை இரண்டும் வேலை செய்யும் மருந்துகள். அவற்றோடு இதைக் குழப்பினால் ஆபத்து.

ஆகவே எதில் ஒப்பு என்பதையும் சொல்லிலேயே சொல்லிவிடலாம்: உருவொப்பு. உருவில் மட்டும் ஒத்தது. உருவொப்பு மாத்திரை, உருவொப்பூசி, உருவொப்பு அறுவை.

கடைசியாகச் சொன்னதற்காகவே இந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறது. ‘மருந்து’ என்பதைத் தனக்குள் வைத்திருக்கும் எந்தச் சொல்லும் அறுவை அரங்கு வாசலில் நின்றுவிடும். 2017இல் வந்த ஆர்பிட்டா ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைப்பது எவ்வளவு உதவுகிறது என்று பார்க்க 200 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் மயக்க மருந்து கொடுத்து, காதில் இசையை மாட்டி, ரத்தக்குழாய்க்குள் குழாயும் செலுத்தினார்கள். ஒரு பாதிக்கு மட்டுமே ஸ்டென்ட். ஆறு வாரம் கழித்து உடற்பயிற்சி நேரத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு 16.6 நொடிதான்; புள்ளியியல் அதைப் பொருட்படுத்தவில்லை. 2023இல் ஆர்பிட்டா 2 வந்தது. நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் அதே கேள்வியைக் கேட்டபோது ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. இரண்டு முடிவையும் நம்ப முடிவது அந்த உருவொப்புச் சிகிச்சையால்தான். இதை ‘போலி அறுவை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

போகிற போக்கில் ஒன்று. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத ஆய்வைச் சிலர் ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கண் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுகிற தாள் அது. ‘இருதரப்பு மறைப்பு’ போதும்.

*

வணக்கம் அண்ணா. டொரண்டோவில் இருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம்.

எங்கட பக்கத்தில் மாத்திரை என்று ஒருவரும் சொல்வதில்லை, குளிசைதான். அறுவை என்றும் சொல்வதில்லை, சத்திரசிகிச்சை. உருவொப்புக் குளிசை, உருவொப்புச் சத்திரசிகிச்சை என்று சொல்லிப் பார்த்தேன், பிசகாமல் வருகிறது.

ஆனால் ஒரு குறை. ஒப்பம் என்றால் எங்களுக்குக் கையெழுத்து. வாசித்துக் காட்டினால் அம்மா ‘எங்க ஒப்பம் வைக்கிறது?’ என்றுதான் கேட்பா. இன்னொன்று, அவவுக்கு முதலில் தெரிய வேண்டியது குளிசையின் உரு இல்லை. அதுக்குள்ள மருந்து இருக்கா இல்லையா என்பதுதான். உங்கள் சொல் அதைச் சொல்லவில்லை. ‘மருந்தில்லாக் குளிசை’ என்று நேரே சொன்னால் என்ன?

*

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் சொன்னது சரி. நேற்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போஸ்டனில் டெட் கப்சக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. எரிச்சல் குடல் நோய் உள்ள 80 பேரில் ஒரு பிரிவினருக்கு, “இதில் மருந்து எதுவும் இல்லை, சர்க்கரை மாத்திரை போன்றது” என்று முகத்துக்கு நேரே சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் கிடைத்தது என்றார்கள். மாத்திரை எதுவும் தரப்படாத பிரிவில் அது 35 விழுக்காடு. மறைக்காமல் சொன்னதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அப்படியிருக்க, நம் படிவம் ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

செங்கல்பட்டையும் நினைத்துக்கொண்டேன். காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசி காக்கிறதா என்று பார்க்க 1968இல் அங்கே தொடங்கிய பெரிய ஆய்வில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் போனது மருந்தில்லா ஊசி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று உலகம் அறிந்துகொண்டது அந்தக் கிராமத்து மக்களால். அவர்கள் மொழியில் அந்த ஊசிக்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனவே என் முன்மொழிவை இப்படித் திருத்துகிறேன். கலைச்சொல் பட்டியலிலும் ஆய்வுக் கட்டுரையிலும் உருவொப்பு. படிவத்தில், நோயாளி முதலில் சந்திக்கும் இடத்தில், நீங்கள் சொன்ன மருந்தில்லா மாத்திரை. இலங்கைப் படிவத்தில் மருந்தில்லாக் குளிசை. விளைவுகளுக்கு மாத்திரையின் பெயரே வேண்டாம் என்று தோன்றுகிறது. நல்லதை எதிர்பார்த்து வருவது நம்பிக்கை விளைவு, சாம்சன் ஆய்வில் கண்டதுபோல் கெட்டதை எதிர்பார்த்து வருவது அச்ச விளைவு. இதில் மறுப்பிருந்தால் தனி இழையில் பேசுவோம்.

வியாழக்கிழமை ஒரு படிவம், ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிக்குழுவுக்குப் போகிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்:

“உங்களுக்கு மருந்து மாத்திரை கிடைக்கலாம், மருந்தில்லா மாத்திரையும் கிடைக்கலாம். நிறம், அளவு, சுவை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வோம். எது கிடைத்தது என்று ஆய்வு முடியும்வரை உங்களுக்கும் தெரியாது, உங்கள் மருத்துவருக்கும் தெரியாது. அவசரம் என்றால் உடனே திறந்து பார்த்துச் சொல்லிவிடுவோம்.”

‘குலுக்கல்’ என்பது பரிசுச் சீட்டை நினைவூட்டுகிறதோ என்று மட்டும் தயக்கமாக இருக்கிறது. புதன் இரவுக்குள் யாராவது வேறு சொல் தந்தால் மாற்றிவிடுவேன்.