கப்பல்ல இருந்து வந்து 40 நாள் ஆச்சு, வீட்ல சும்மா உக்கார தெரியல. நீங்கல்லாம் எப்படி பழகுனீங்க?

பன்னெண்டு_நாலு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், எழுதுறது இதான் மொத தடவ, நீளமா போனா பொறுத்துக்கோங்க.

சொந்த ஊர் தூத்துக்குடி, பல்க் கேரியர்ல, அதாவது தாது, நிலக்கரி மாதிரி சரக்க அப்படியே கொட்டி ஏத்துற கப்பல்ல, செகண்ட் ஆபீசர். ஏழு மாசம்னு சொல்லி ஏத்துனாங்க, எனக்கு பதிலா ஏற வேண்டிய ரிலீவர் வரல, விசா வரலன்னு இழுத்து ஒம்பதே கால் மாசம் ஆயிருச்சு. கடைசி ட்ரிப் பிரேசில்ல இரும்புத்தாது ஏத்தி ஆப்பிரிக்காவ சுத்திகிட்டு சீனாவுக்கு, 40 நாள் தண்ணிய தவிர வேற ஒண்ணும் கிடையாது. அப்ப ராத்திரி வாட்ச் டூட்டில நின்னுகிட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சேன், ஊருக்கு போனதும் எதையெல்லாம் நிதானமா அனுபவிக்கணும்னு. அம்மா வைக்கிற சாளைக் கொழம்பு, மக்ரூன், அப்பா கூட முடிவெட்ட போறது, பாப்பாவ ஸ்கூல்ல விடுறது, மத்தியானம் திண்ணைல படுக்குறது, இப்படி 31 ஐட்டம். கடல்லயே இருந்துகிட்டு ஃப்ரீசர்ல கெடந்த மீன ஒம்பது மாசம் தின்னவனுக்கு சாளை தான் நம்பர் ஒன்.

சிரிக்காதீங்க, வந்து பத்து நாள்ல 31ல 26 முடிச்சுட்டேன். மக்ரூன் கடை வாசல்ல பைக்க ஸ்டாண்ட் கூட போடாம பொட்டலத்த பிரிச்சு தின்னுட்டு அடுத்து எங்கன்னு கிளம்பிட்டேன். முடிவெட்ட போன எடத்துல எங்களுக்கு முன்னாடி மூணு பேரு, அப்பா பாட்டுக்கு தந்திய எடுத்து கல்யாண விளம்பரம் வரைக்கும் படிக்கிறார், எனக்கு கால் நிக்கல, வேற கடைக்கு போலாமான்னு ரெண்டு தடவ கேட்டேன், மூணாவது தடவ ஒரு பார்வ பாத்தார் பாருங்க. சாளையும் தின்னாச்சு, நல்லா இருந்துச்சா அம்மான்னு நானே அம்மாட்ட கேக்குற நெலம.

தூக்கம் இன்னும் கப்பல் தூக்கம் தான். பகல் பன்னெண்டு டு நாலு, ராத்திரி பன்னெண்டு டு நாலு, இதான் செகண்ட் மேட், அதாவது செகண்ட் ஆபீசர் வாட்ச், நடுவுல கெடைக்கிற ரெண்டு துண்டுல தூங்கி பழகிட்டோம். இங்க ராத்திரி பதினொன்றரை ஆனா அலாரம் இல்லாமலே முழிப்பு வருது, எந்திரிச்சு மொட்ட மாடிக்கு போய் நிக்கிறேன், தெருநாய் எல்லாம் எனக்கு பழகிருச்சு.

இன்னொண்ணு சொல்லணும். கப்பல்ல கடிகாரம் என் பொறுப்பு. பிரேசில்ல இருந்து சீனா போறப்ப 11 மணி நேரம் முன்னால தள்ளணும், அதாவது 40 நாள்ல 11 நாளுக்கு 23 மணி நேரம் தான். அந்த பழக்கத்துல வீட்டு ஹால் கடிகாரம் 10 நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுறத பாத்ததும் கை சும்மா இல்ல, கரெக்ட் பண்ணி வெச்சுட்டேன், யாருட்டயும் சொல்லல. மறுநாள் பாப்பாவோட ஸ்கூல் வேன் போயிருச்சு. வீடே அந்த நேரத்துல தான்டா ஓடுதுன்னு சொல்லிட்டு அப்பா ஒரு நாள் பூரா என்ட்ட பேசல.

அடுத்த ஜாயினிங் அக்டோபர்னு கம்பெனில சொல்றாங்க. அதுக்குள்ள கொஞ்சமாவது நின்னு மூச்சு விட்டு வீட்ட அனுபவிக்கணும்னு ஆச. யோகா, தியானம் எல்லாம் சொல்லாதீங்க, ஆப் போட்டு பாத்தாச்சு, அதுலயும் ஸ்ட்ரீக் எண்ணிகிட்டு இருக்கேன்.

மணப்பாடு_போசன்

கப்பல்ல பாத்திருந்தா உங்கள செகண்ட் மேட் சார்னு கூப்பிட்டிருப்பேன், இங்க தம்பின்னே சொல்லிக்கிறேன். 31 வருசம் கடல், போசனா, அதாவது டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரியா இருந்து இறங்கி ஆறு வருசம் ஆச்சு.

மொதல்ல ஒண்ணு கேக்கேன், தரை ஆடுதா? குளிக்கும்போது கண்ண மூடுனா சாயுற மாதிரி இருக்கும், அது நம்ம எல்லாத்துக்கும் உள்ளது தான், ரெண்டு மூணு நாள்ல போயிரும். உங்களுக்கு 40 நாள் ஆச்சுன்னு சொல்றீங்க, இன்னும் ஆடுனா ஒரு காது டாக்டர பாத்துருங்க, வெக்கப்படாதீங்க. தூக்கத்துக்கு நான் செஞ்சது, முழிப்பு வந்தாலும் எந்திரிக்க மாட்டேன். மாடிக்கு போனீங்கல்ல, அதான் தப்பு. நீங்க போய் நின்னா ஒடம்பு வாட்சுக்கு வந்துட்டாருன்னு நெனைக்கும், நாய வெச்சு லுக்அவுட்டும் போட்டாச்சு. அப்புறம் எப்படி விடும்?

நானும் ரிட்டயர் ஆகி வந்த புதுசுல படாத பாடு. காலைல எந்திரிச்சதும் எங்க துரு இருக்குன்னு வீட்ட சுத்துவேன். கேட்டு, சன்னல் கம்பி, மோட்டார் மூடி, கெணத்து உருளை எல்லாத்தயும் சுரண்டி பெயிண்ட் அடிச்சாச்சு. பெயிண்டு தீர்ந்தப்ப பக்கத்து வீட்டு கேட்ட பாத்துகிட்டு நின்னேன், அந்த வீட்டம்மா பயந்து போய் எம் பொண்டாட்டிட்ட கேட்டிருக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லல்லன்னு.

இப்ப சாயங்காலம் குருசுக்கோயில் பக்கம் மேட்டுல போய் உக்காருவேன். மேக்க இருந்து வர்ற கச்சான் காத்து அடிக்கிற மாசம், மண்ணு மூஞ்சில அடிக்கும், ஒரு துண்ட சுத்திகிட்டு உக்கார வேண்டியது தான். இத்தன வருசமா கடல்ல இருந்து பாத்த மணப்பாடு லைட்ஹவுஸ இப்ப கீழ இருந்து பாக்கேன். மொத ஒரு வருசம் வெளிச்சம் சுத்தி வர்றதுக்கு எத்தன செகண்டுன்னு எண்ணிகிட்டே இருந்தேன். எண்ணுறது எப்ப நின்னுச்சுன்னு எனக்கே தெரியாது. அதுக்கு வழி கேட்டீங்கன்னா எனக்கு சொல்ல தெரியல தம்பி, நாளாகும், அவ்வளவு தான்.

கரைக்காரி

அண்ணா, நான் கப்பல் ஆள் இல்ல, கப்பல்காரர கட்டிகிட்டு 14 வருசம் ஆகுது, அவர் சீஃப் இன்ஜினியர். உங்க பக்கத்த எல்லாரும் சொல்லுவாங்க, நான் உங்க வீட்டம்மா பக்கத்த சொல்லிடுறேன்.

நீங்க இல்லாத ஒம்பது மாசமும் அந்த வீடு ஓடிகிட்டு தான் இருந்துச்சு. எந்த நேரத்துல யாரு குளிக்கணும், தண்ணி எப்ப வரும், வேன் டிரைவர் எத்தன ஹாரன் அடிப்பார், எல்லாம் செட் ஆகி இருக்கும். அதுல நீங்க திடீர்னு வந்து நின்னுகிட்டு அனுபவிக்கணும் அனுபவிக்கணும்னா நாங்க சமைக்கிறதா, இல்ல உங்க மூஞ்சிய பாத்து ருசி வந்துச்சா வந்துச்சான்னு காத்துகிட்டு நிக்கிறதா? எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ வந்த மூணாம் நாள் என் அஞ்சறைப்பெட்டி, மசாலா டப்பா எல்லாத்தயும் எறக்கி, தொடச்சு, லேபிள் ஒட்டி, தேதி போட்டு அடுக்கி வெச்சார். பாக்க சூப்பரா இருந்துச்சு. மறுநாள் தாளிக்கும்போது எண்ணெய் காஞ்சு பொகையுது, எனக்கு கடுகு எங்கன்னு தெரியல, லேபிள படிச்சுகிட்டு நிக்கிறேன், ஏன்னா அது எங்க இருக்குன்னு என் கைக்கு தான் தெரியும், கண்ணுக்கு தெரியாது. அன்னிக்கு நான் போட்ட சத்தத்த அவர் இன்னும் மறக்கல. நீங்க மெஷின் ரூமுக்கு புதுசா போனா ஹேண்ட்ஓவர் வாங்காம ஒரு வால்வ தொடுவீங்களான்னு கேட்டேன், மனுசன் வாய தொறக்கல.

அப்புறம் ஒரே ஒரு வேல குடுத்தேன், காலைல பால் வாங்கிட்டு வர்றது. பைக் கூடாது, நடந்து. அதுல ஒரு திருத்தமும் சொல்ல கூடாது. மொத வாரம் இதுக்கு ஆப் இருக்கு, வீட்டுக்கே வந்துரும்னார், வரட்டும், நீங்க போங்கன்னேன். இப்ப பால் வாங்க போற ஆளு வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆகுது, எந்த வீட்ல யாருக்கு சுகமில்ல, யார் மகன் ப்ளஸ் டூல எவ்வளவு, எல்லா நியூசும் எனக்கு அவர்ட்ட இருந்து தான் வருது.

அதனால உங்க வீட்டம்மாட்டயோ அம்மாட்டயோ கேட்டு ஒரு சின்ன வேல வாங்கிக்கோங்க. அப்புறம் மொத வேலையா அந்த கடிகாரத்த 10 நிமிஷம் கூட்டி வையுங்க.

ரிக்வண்டி_திருச்செங்கோடு

ஏனுங்க, கப்பல்காரங்க பேசற எடத்துல நானும் ஒரு வார்த்த சொல்லிக்கறேனுங்க. போர்வெல் ரிக் வண்டி, டிரில்லரா இருக்கேன். எம்பி, சத்தீஸ்கர், ராஜஸ்தான்னு வருசத்துல பத்து மாசம் வெளிய தான், மழைக்கு வண்டி நிக்கறப்ப ஊருக்கு வருவோம், இப்ப ஊர்ல தான் இருக்கறனுங்க.

நம்முளுக்கு பிரச்சன சத்தமுங்க. கம்ப்ரசர் சத்தத்துலயே தூங்குனவனுக்கு வீட்ல அமைதியா இருந்தா தூக்கமே வராது. நல்லவேள எதுத்த வீட்ல தறி ஓடுது, ராத்திரி ஷிப்ட்டு ஓடுச்சுன்னா நிம்மதியா தூங்கறேன், கரண்ட் போயி தறி நின்னுச்சுன்னா டக்குனு முழிச்சுக்கறேன். ஊர்ல எல்லாரும் தறி சத்தம் தாங்கலங்கறாங்க, நான் ஒருத்தன் தான் ஓட்டுங்க ஓட்டுங்கன்னு சொல்றவன்.

அப்புறம் மலைக்கு படியேறி போறேனுங்க. 1200 படிக்கு மேல, மேல வரைக்கும் ரோடு இருக்குது, பஸ்ஸே போகுது. ஆனா படில போனா அங்கங்க மண்டபம் வரும், உக்காந்தே தீரணும், மூச்சு வாங்கும்ல. நம்மளா நிக்க தெரியாதவனுக்கு அது ஒரு ஒதவிங்க. தூத்துக்குடில மலைக்கு எங்க போவீங்கன்னு தெரியலீங்க.

அப்பப்ப_வர்றவன்

தப்பா நெனைக்காதீங்க ப்ரோ, இதெல்லாம் ஒரு பிரச்சனையா? ஊர்ல தினம் பன்னெண்டு மணி நேரம் கடைல நிக்கிறவனுக்கு மூணு மாசம் லீவ கண்ணுல காட்ட மாட்டாங்க. ஒரே டவுட், வருமான வரிக் கணக்குல ஒரு வருசத்துல இந்தியால 182 நாளுக்கு கம்மியா இருந்தா தான என்ஆர்ஐ, அந்த கணக்கும் மண்டைக்குள்ள ஓடுதா இல்லையா?

பன்னெண்டு_நாலு

@அப்பப்ப_வர்றவன் ஓடுது ப்ரோ, பொய் சொல்லல. ஏப்ரல்ல இருந்து எத்தன நாள் கரைன்னு சிடிசில (எங்க கப்பல் சர்வீஸ் புக்கு) கப்பல்ல இருந்து இறங்குனதுக்கு போட்ட சைன் ஆஃப் சீல பாத்து பாத்து எண்ணிகிட்டு தான் இருக்கேன். நீங்க சொல்ற மாதிரி மூணு மாசம் லீவும் இல்ல அது, இறங்கிட்டா எங்களுக்கு சம்பளம் கிடையாது, லீவு காசுன்னு கைல குடுத்தது தான். அதனால ஒவ்வொரு நாளும் ஏதோ கைய விட்டு போற மாதிரியே தான் இருக்கு, அதான் ஓட வைக்குதோ என்னமோ. கடைல நிக்கிறவங்க கஷ்டத்துக்கு முன்னாடி இது ஒண்ணும் இல்ல, ஒத்துக்கிறேன்.

போசன் அண்ணாச்சி, தரை ஆடல, அது மூணாம் நாளே போயிருச்சு. மாடிக்கு போறத நிறுத்தி ரெண்டு வாரம் ஆகுது, முழிப்பு வருது, படுத்தே கெடக்கேன், ரெண்டு மணி வாக்குல தூங்கிடுறேன். நாய் ரெண்டு கேட்டு வரைக்கும் வந்து பாத்துட்டு போகுதுன்னு அப்பா சொல்றார். மலைக்கு வழியில்லீங்க ரிக்வண்டி அண்ணே, எங்க ஊர்ல உசரம்னா உப்பள அம்பாரம் தான்.

கரைக்காரி தங்கச்சி சொன்னத எங்க வீட்டம்மாட்ட படிச்சு காட்டுனேன். அவ ரொம்ப நேரம் சிரிச்சுட்டு, என்ட்ட வேல இல்ல, அத்தைட்ட கேளுங்கன்னா. அம்மா குடுத்த வேல, மீன் உரசுறது.

நான் வந்த மொத வாரம் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாதுல்ல, மீன் வெல கேட்டாலே தல சுத்தும். இப்ப சாளை மலிஞ்சு கெடக்கு. திரேஸ்புரத்துல இருந்து வர்ற அக்கா கூடைய எறக்குனா அம்மா ஒரு கூறு வாங்குவா. முத்தத்துல அரிவாமணைய போட்டு அம்மா தலையயும் கொடலயும் எடுத்து சட்டில போட போட, நான் கல்லுப்ப போட்டு உரசணும். மொத நாள் நான் வேகமா தேச்சதுல வயிறு கிழிஞ்சு பாதி மீன் கூழா போச்சு. அம்மா திட்டல, ஒரு மீன எடுத்து வால்ல இருந்து தல பக்கம் வெரல மட்டும் ஓட்டி காட்டுனா, செதில் தானா வந்துருச்சு. சாளை செதில் லேசு, அமுக்க வேண்டாம். கைல ஒட்டுனது வெயில்ல கண்ணாடிப் பொட்டு மாதிரி மினுங்கும், முழங்கை வரைக்கும் ஏறிரும், சாயங்காலம் பாப்பா வந்து ஒவ்வொண்ணா உரிச்சு எடுப்பா. பூனை ஒண்ணு அம்மாவுக்கு எடப்பக்கம் தான் உக்காரும், வலப்பக்கம் உக்காந்தா ஒண்ணும் கெடைக்காதுன்னு அதுக்கு தெரியும்.

ஒரு கூறு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகுது. அம்மா தனியா பண்ணா இருபது நிமிஷம்னு நெனைக்கிறேன், கேட்டுக்கல. அந்த முக்கால் மணி நேரத்துல அம்மா சொன்னது தான் சித்தி வீட்டு எடப் பிரச்சன பூரா, ஒம்பது மாசமா ஃபோன்ல எல்லாரும் நல்லா இருக்கோம்னு மட்டும் சொன்னவ.

அந்த 31ல பாக்கி அஞ்ச எங்க எழுதி வெச்சேன்னு தெரியல, நோட்டு பாப்பா கைல இருக்கு, பின்பக்கம் பூரா கப்பல் படம் வரைஞ்சிருக்கா, எல்லா கப்பலுக்கும் கால் இருக்கு.

கடிகாரத்த கூட்டி வைக்கலாம்னு நேத்து ஸ்டூல் போட்டு ஏறுனேன். ஏற்கெனவே 10 நிமிஷம் ஃபாஸ்ட்டா தான் ஓடுது. அப்பாவ பாத்தேன், பேப்பர்ல இருந்து தலைய தூக்கல.